மொட்டைத் தலையும் மூன்றாம் மாடியும்

வேண்டுதல் வைப்பதில் எங்கள் அம்மாவுக்கு ஒரு தனி முறை உண்டு. வேண்டிக்கொள்வது அவர், நிறைவேற்றுவது நாங்கள். தம்பிக்கு லோரி லைசன்ஸ் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்பா சிகரெட்டை விட்டார். அப்பாவின் முதுகுவலி தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தம்பி ஒரு வருடம் கோழிக்கறியைத் தொடவில்லை. ("சாமிக்கு யாரு குடுத்தா என்னா? வீட்டுலேருந்து போனா சரி" என்பது அம்மாவின் வாதம். இதற்குப் பதில் சொல்ல வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.)

நான் படித்தது வக்கீலுக்கு இல்லை, வேலையிடப் பாதுகாப்புக்கு. எங்கள் குடும்பத்தில் ஆறாம் ஆண்டைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஆறாம் ஆண்டு, அம்மா மூன்றாம் ஆண்டு. அதற்கு மேல் தோட்டத்தில் வேலை காத்திருந்தது. இதை நான் அடக்கத்தோடு சொல்லப்போவதில்லை. அடக்கமெல்லாம் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அழகு. எனக்குப் பெருமையே போதும்.

பாதுகாப்பு அதிகாரி ஆவதற்கான பரீட்சையில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை எழுதப் போனபோது அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஈப்போ குகைக் கோயிலுக்குப் போய், "எம்மவ பாஸ் பண்ணிட்டா அவ முடியை ஒனக்குத் தாரேன் முருகா" என்று பேசி முடித்துவிட்டு வந்தார். இடுப்பைத் தொடும் முடி. பின்னலைத் தூக்கி முன்னால் போடாமல் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

பாஸ் பண்ணிவிட்டேன்.

ஈப்போவில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. கட்டடம் கட்டுகிற இடங்களுக்குப் போய், தொழிலாளர்கள் உயிரோடு வீடு திரும்ப வழி இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதும் வேலை. முதல் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். ஐந்தாவது மாதத்தில் அம்மாவின் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடியை முருகனிடம் ஒப்படைத்தேன். முன்யோசனையாக ஒரு வாரம் லீவு போட்டிருந்தேன். ஒரு வாரத்தில் முடி வளர்ந்துவிடும் என்று நினைத்தேன். (இரண்டு தடவை ஏன் தோற்றேன் என்று இப்போது புரிந்திருக்கும்.)

அன்று மாலையே என் மேலாளர் திருமதி தவமணி போன் செய்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிவப்புப் பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "எங்கட மூத்த அதிகாரிக்கு டெங்கிக் காய்ச்சல். நாளைக்கு மிஸ்டர் லோவின்ர சைட்டுக்கு நீர் தனியப் போவீரோ? உம்மட பேரில முதல் அறிக்கை. அதைப் பார்த்துத்தான் உம்மட வேலையை உறுதி செய்யிறதோ எண்டு முடிவெடுப்பன்."

"போவேன் மேடம்" என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

என் திட்டம் எளிமையானது. வேலையிடத்தில் எல்லாரும் எந்நேரமும் பாதுகாப்புத் தொப்பி போட்டிருக்க வேண்டும். நான் அதிகாரி. ஆக, காலை முதல் மாலை வரை தொப்பியைக் கழற்றாமல் இருந்தால், நான் மொட்டை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. விதியைக் கடைப்பிடித்த பெயரும் கிடைக்கும்.

அந்தத் திட்டத்தில் அம்மா சந்தனத்தைப் பூசினார்.

"மூணு நாளைக்கு சந்தனம் காயக் கூடாது. வெயில்ல தலை கொதிச்சிரும்" என்று திங்கட்கிழமை விடிந்ததும் ஒரு கிண்ணம் சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அப்பினார். அதன்மேல் தொப்பியை வைத்தேன். கொண்டையோடு போடுவதற்காக உள்வளையத்தைப் பெரிதாக வைத்திருந்தேன். இப்போது கடைசிப் பல்வரை திருகி இறுக்கியும் தலை உள்ளே தனியாகத் திரும்பியது. நான் இடப்பக்கம் பார்த்தால் தொப்பி நேராகப் பார்த்தது.

"தாடை வாரை நல்லா இறுக்கிப் போடு. எல்லாம் நிக்கும்" என்றார் அப்பா. இறுக்கினேன். நின்றது.

வேலையிடம் தஞ்சோங் ரம்புத்தான் போகும் சாலையில் இருந்தது. அங்குள்ள மனநல மருத்துவமனை பேராக் முழுக்கப் பிரபலம். வழியில் பெட்ரோல் ஊற்ற நின்று, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றினேன். கவுண்டரில் இருந்த அக்கா என் தலையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எங்கம்மா இவ்வளவு காலையிலே?" என்று பாசத்தோடு கேட்டார்.

"தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், அக்கா."

"தனியாவா அனுப்புனாங்க?" என்றார்.

சைட்டில் நான்கு மாடிக் கடைவீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கழிவறையில் நுழைந்து ஹெல்மெட்டைத் தொப்பியாக மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது மண்டோர் ராஜூ அண்ணன் வரவேற்றார். தொழிலாளர்களை மேய்ப்பவர் அவர், ஐம்பது வயதிருக்கும். கூடவே மிஸ்டர் லோ, சைட்டின் மேனேஜர். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கடையில் வளர்ந்த சீனர் என்பதால் சரளமாகத் தமிழ் பேசுவார். மரியாதைப் பன்மை மட்டும் அந்தக் கடையில் விற்கவில்லை போலிருக்கிறது.

"நீதான் புது ஆபீசரா? சின்னப் புள்ள லா!"

அந்தச் சொல் எனக்குள் எதையோ கிளப்பிவிட்டது. காலைக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள்: வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நம் ஆட்கள் சிலர். நான் மலாயில் பதினைந்து நிமிடம் முழங்கினேன். முழுக்க முழுக்கத் தாடை வாரைப் பற்றி. வார் இல்லாத தொப்பி, மூடி இல்லாத சட்டி என்றேன். (மொழிபெயர்ப்பில் கொஞ்சம் குழம்பியது, சிலர் மதியச் சாப்பாட்டைப் பற்றிய அறிவிப்பு என்று நினைத்தார்கள்.) அப்போது பார்த்தால், ராஜூ அண்ணனின் வாரே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வார் ஏன் தொங்குது?"

"வேர்க்குது மிஸ்."

"வேர்வை வடியறது நல்லதா, மூளை வடியறது நல்லதா?"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். இதை முதல் நாள் இரவே கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்திருந்தேன். நோட்டை எடுத்து, எல்லாரும் பார்க்க, அவர் பெயரை எழுதினேன். ராஜூ அண்ணன் வாரை மாட்டிக்கொண்டு, "எழுதுங்க மிஸ், எழுதுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எதிர்காலம் தெரிந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

பத்து மணி வெயிலில் சந்தனம் உருக ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு துளி. பிறகு நெற்றியோரம் ஒரு கோடு. மின்கம்பிகளையும் தீயணைப்புக் கருவிகளையும் பார்த்துக்கொண்டே கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டேன்.

"தங்கச்சி, உனக்கு மஞ்சக் காமாலையா?" என்றார் மிஸ்டர் லோ. "காதுலேருந்து மஞ்சத் தண்ணி ஓடுது."

"வெயிலுக்குப் போடற கிரீம்."

"நல்ல வாசனை" என்றார் அவர், மூக்கை உறிஞ்சி. "கோயில் மாதிரி."

மூவருமாக மூன்றாம் மாடிக்கு ஏறினோம். கட்டடத்தின் முன்பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சாலையில் போகிறவர்கள் பார்ப்பார்கள் அல்லவா? பின்பக்கச் சாரத்தில்தான் குறை. நடக்கும் பலகைகளின் விளிம்பில், கருவிகள் உருண்டு விழாமல் தடுக்கும் ஓரப் பலகை இல்லை. விழுவதைத் தாங்கிப் பிடிக்கும் வலையும் இல்லை. மேலே வேலை செய்யும் ஒருவர் சுத்தியலைத் தவற விட்டால், அது நேராகத் தரைக்குப் போய்விடும்.

"இது ஆபத்து, மிஸ்டர் லோ. இதைச் சரிசெய்யற வரைக்கும் இந்தப் பக்கம் வேலை நிக்கணும்."

அவர் முகம் மாறியது. "நாளைக்கு கூரைத் தளம் போடறேன். எட்டு லோரி காங்கிரீட் சொல்லியாச்சு. பின்பக்கம் யாரும் போக மாட்டான் லா. அங்க என்னா இருக்கு? ஒண்ணும் இல்லே."

"யாரும் போக மாட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்தானே?"

அந்த நேரம் பார்த்துத் தாடைக்கடியில் அரிப்பெடுத்தது. வழிந்த சந்தனம் வாருக்கடியில் காய்ந்து, ஒரு படை எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பொறுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கணம் என்று வாரைக் கழற்றிச் சொறிந்தேன். திரும்ப மாட்டுவதற்குள் மிஸ்டர் லோ சொன்னார்: "புத்தகத்துல படிச்சிட்டு வந்து பேசாதே தங்கச்சி. இருபது வருசமா கட்டறேன். இதுலேருந்து ஒண்ணுமே விழுந்ததில்லே."

புத்தகத்தைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் பேசக் கூடாது. வார் மறந்துபோயிற்று. இரண்டடி முன்னால் போய், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பலகைக்கும் வெளிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை வலது கை விரலால் சுட்டிக்காட்டிக் குனிந்தேன்.

"இங்க பாருங்க. இந்த இடைவெளியில என்ன வேணும்னாலும் விழலாம்!"

விழுந்தது.

தொப்பி என் தலையை விட்டுப் பிரிந்த விதத்தில் ஓர் அமைதி இருந்தது. சந்தனத்தில் வழுக்கி, பலகையில் ஒரு முறை மோதி, நான் காட்டிய அதே இடைவெளி வழியாக, என் விரல் நுனியை உரசிக்கொண்டு கீழே போனது. மூன்று மாடி. கீழிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம்.

என் விரல் இன்னும் இடைவெளியைக் காட்டிக்கொண்டிருந்தது. என் தலை, காலைச் சூரியனில், முழுசாக, மஞ்சளாக ஜொலித்தது. ராஜூ அண்ணன் என்னைப் பார்த்ததும், கை தானாக உயர, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா" என்றார். பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது.

"எந்தக் கோயில் மிஸ்?"

"அதைக் கேக்கற நேரமா அண்ணே இது?"

"இல்லே, சும்மாதான்." தொண்டையைச் செருமினார். "அந்த நோட்டுல என் பேருக்குக் கீழே இடம் இருக்குதானே?"

மிஸ்டர் லோ ஆசுவாசமாகப் போனை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

அப்போது கீழேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "தோப்பி சியாப்பா நி?" யாருடைய தொப்பி இது என்று கேட்கிறார்.

யாரும் போகாத பின்பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

என் கால் தரையைத் தொடும்வரை எத்தனை படிகள் இறங்கினேன் என்று நினைவில்லை. காக் யாத்தி, அதாவது யாத்தி அக்கா, என்று எல்லாரும் அழைக்கும் இந்தோனேசியப் பெண். சிமெண்டு கலக்குபவர். கவிழ்த்துப் போட்ட வாளியில் சோற்று டப்பாவை வைத்துவிட்டு, இரண்டடி தள்ளியிருந்த குழாயில் கை கழுவப் போயிருக்கிறார். தொப்பி டப்பாவின்மேல் விழுந்திருந்தது. டப்பா இரண்டாகப் பிளந்து, சோறும் சம்பால் மீனும் மண்ணில் கிடந்தன. தொப்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நல்ல தரம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார்.

மிஸ்டர் லோ என்னை ஓரமாக அழைத்தார். போனில் படத்தைக் காட்டினார். மொட்டை, வழியும் சந்தனம், திறந்த வாய், நீட்டிய விரல். "தங்கச்சி, நீ என்னை எழுதாதே. நான் இதை உன் பாஸுக்கு அனுப்ப மாட்டேன். கூரை முடியட்டும், அப்புறம் பலகை போட்டுக்குவோம். ரெண்டு பேருக்கும் நல்லது. போலேயா? சம்மதந்தானே?"

ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது, இரண்டு நிமிடம். முதல் அறிக்கை. ஐந்து மாத வேலை. தாடை வாரைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசியவள், வார் மாட்டாமல் மூன்றாம் மாடியிலிருந்து தொப்பியைப் போட்டாள் என்று திருமதி தவமணி அறிந்தால், அந்தச் சிவப்புப் பேனா என்ன செய்யும்? வீட்டில் என்ன சொல்வேன்? இத்தனை பேர் படிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் படித்தவள், அரிப்புத் தாங்காமல் வேலையை இழந்தாள் என்றா?

திரும்பிப் பார்த்தேன். காக் யாத்தி மண்ணைக் கூட்டி ஒதுக்கிவிட்டார். யாரோ கொடுத்த ரொட்டியோடு, அதே வாளியில், அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார். ஏனென்றால் நிழல் அங்கேதான் இருந்தது.

அப்பா செம்பனைக் குலை வெட்டிய காலத்தில் தலையில் கட்டியது வெறும் துண்டு. ஒரு நாள் மட்டை விழுந்து இடது தோள் இறங்கிப்போனது. இன்றைக்கும் அந்தக் கை காதுக்கு மேல் போகாது. அந்த மரத்தடிக்கு யாரும் போக மாட்டார்கள் என்றுதான் அன்றும் ஒருவர் சொல்லியிருந்தாராம்.

"எந்திரிங்க காக், அங்க உக்காராதீங்க" என்று மலாயில் கத்தினேன். பிறகு நோட்டைத் திறந்து, மிஸ்டர் லோ பார்க்கும்படி, நின்ற இடத்திலேயே எழுதினேன். ஒன்று: பரிசோதனைக்கு வந்த பாதுகாப்பு அதிகாரி தாடை வார் அணியவில்லை; அவரது தொப்பி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது. இரண்டு: பின்பக்கச் சாரத்தில் ஓரப் பலகை இல்லை, வலை இல்லை, விழுந்த தொப்பியே சான்று. மூன்று: சரிசெய்யும்வரை அந்தப் பக்கத்திலும் அதன் கூரையிலும் வேலை நிறுத்தப்படுகிறது.

"நீ உன்னையே எழுதறியா?" என்றார் மிஸ்டர் லோ. அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. "உனக்கு என்னா லாபம்?"

"அந்தப் படத்தையும் அனுப்புங்க, சார். இடைவெளி தெளிவா தெரியுது. அறிக்கையில சேர்த்துக்கறேன்."

அனுப்பினார்; கோபத்தோடுதான். எட்டு லோரிக் காங்கிரீட்டையும் தள்ளிவைத்தார். மறுநாள் காலை திருமதி தவமணியின் மேசைமுன் நின்றேன். தலையில் சால்வை. அவர் அறிக்கையை மெதுவாக வாசித்தார்.

"ஒண்டாம் இலக்கத்தில இருக்கிற அதிகாரி ஆர்?"

"நான்தான், மேடம்."

"அவவுக்கு என்ன நடவடிக்கை எண்டு எழுதேல்லையே?"

"வாய்மொழி எச்சரிக்கைன்னு நினைச்சேன்..."

"வாய்மொழியோ? மூண்டாம் மாடியில இருந்து விழுந்ததுக்கு?" சிவப்புப் பேனா இறங்கியது. எழுத்துமூல எச்சரிக்கை என்று ஒன்றாம் இலக்கத்தின் கீழே எழுதினார். பிறகு இன்னும் இரண்டு இடத்தில் எழுத்துப்பிழையும் திருத்தினார். அந்த வார இறுதியில் என் மேசையில் ஒரு உறை இருந்தது. உள்ளே இரண்டு கடிதங்கள். ஒன்று எச்சரிக்கை. இன்னொன்று, என் வேலையை ஒரு மாதம் முன்னதாகவே உறுதி செய்து. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரே நாளில் இரண்டையும் வாங்கியவள் நான் ஒருத்திதான். (விசாரித்துவிட்டேன்.)

இரண்டு நாளில் பலகையும் வலையும் வந்தன. சாப்பிட முன்பக்கத்தில் ஒரு கொட்டகையும் போட்டார்கள். காக் யாத்திக்குப் புது டப்பா வாங்கிக் கொடுத்தேன்; அடுக்கு டப்பா, உருக்கு மூடி.

படம் மட்டும் அறிக்கையோடு நிற்கவில்லை. மிஸ்டர் லோவிடமிருந்து அது ராஜூ அண்ணனின் போனுக்கும் போயிருந்தது. ராஜூ அண்ணனின் மனைவியும் எங்கள் அம்மாவும் ஒரே கோயில் வாட்சப் குழுவில் இருப்பதை நான் எப்படி அறிவேன்? தொப்பி விழுந்த அன்றைக்கு மதியமே அம்மா போன் செய்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"சந்தனம் நல்லா தெரியுது" என்றார் அம்மா. "யாரு எடுத்தா? நல்ல கை."

அதை ஒரு போட்டோக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பட்டமளிப்புப் படத்தைவிட ஒரு சாண் பெரியது. எவ்வளவு கெஞ்சியும் இறக்கவில்லை. "அங்கி போட்டுக்கிட்டு யாரு வேணாலும் நிப்பாங்க. இது நாலு மாடிக் கட்டடத்த எம்மவ நிப்பாட்டுனது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா படத்தைப் பார்த்து, "இந்தத் தம்பி யாரு, ஒங்க சின்ன மகனா?" என்று கேட்டார். அம்மா விளக்கினார். அவர்களுக்குள் பார்வைகள் பரிமாறப்பட்டன. எவ்வளவு முடி இருந்தது, எத்தனை மாதத்தில் வளர்ந்தது என்றெல்லாம் கேட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் எழுந்து படத்துக்கு அருகே போய், என் விரல் காட்டும் திசையை உற்றுப் பார்த்தார்.

"கீழே யாராச்சும் இருந்தாங்களா?"

இத்தனை நாளில் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் அதைக் கேட்டதில்லை.

அம்மா கேசரித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தபோது, நான் பட்டுப்புடவையோடு நாற்காலிமேல் ஏறி நின்று, ஓரப் பலகை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், வலையை எங்கே கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணு பாக்க வந்தவங்கள ஒக்கார வச்சு எம்மவ சேஃப்டி மீட்டிங் போட்டா" என்று அம்மா இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

சிரிக்கட்டும். ஆனால் ஒன்றை அம்மா விட்டுவிடுகிறார். நாற்காலி ஆடாமல் அப்பா கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விதிப்படி.